மூக்கு வைத்தியம்

மனிதனுக்கு வரும் ஜுரத்தில் பேதம் இருப்பதுபோலப் பழைய பெட்ரோல் லாரியின் பிடிவாதத்திலும் பேதம் உண்டு. விடியற்காலையில் கிளம்ப மறுப்பது ஒரு நோய். மலையேறி வந்து நின்றபின் மறுப்பது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கிறவர்கள்தாம் அதிகம்.

ஏற்காட்டில் என் நண்பர் ஒருவருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு கிழ லாரி. மார்கழிப் பனியில் அது ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாது. பறித்த காப்பிப் பழத்தைத் தாமதமின்றிக் கூழ் நீக்காவிட்டால் புளித்துப்போகும். ஆகவே லாரியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட நண்பர் தீர்மானித்திருந்தார். லாரி போனால், முப்பது வருஷமாக அதை ஓட்டுகிற கிழ டிரைவருக்கும் அங்கே வேலை இல்லை. அவர் வாதாடவில்லை. "காலையில வந்து பாருங்க ஐயா" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

போனேன். கிளீனர் பையன் சோக்கை இழுத்துவிட்டு, மிதித்துக்கொண்டே இருந்தான். "டேய், காலை எடு" என்றார் டிரைவர். கார்புரேட்டரின் மூடியைக் கழற்றி முகர்ந்தார். பெட்ரோல் நெடி தூக்கலாக இருந்தால், எண்ணெய் அதிகமாகிவிட்டது. சோக்கைத் தள்ளி, மிதியை முழுக்க அழுத்திக்கொண்டு ஹாண்டில் போடவேண்டும். நெடியே இல்லாமல், மிதித்தால் உள்ளே பெட்ரோல் பீச்சவும் இல்லையென்றால், வரும் வழியில் தடை. பம்பையும் வடிகட்டியையும் பார்க்கவேண்டும். இரண்டும் சரியென்றால் நெருப்புப் பொறியைத் தேடவேண்டும். இதுதான் அவருடைய வரிசை.

அன்று நெடி இருந்தது, பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இராத்திரிப் பனி முத்துமுத்தாக நின்றது. உலர்ந்த துணியால் துடைத்தார். பிளக்குகளைக் கழற்றினால் ஒரே கரி. காரணம் மலைதான். கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. சமவெளிக்கென்று வைத்த ஜெட்டோ அதே பெட்ரோலைத்தான் கொடுக்கிறது. காற்றுக் குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் கரி படியாமல் என்ன செய்யும்? சிறிய ஜெட்டை மாற்றினார். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீரையும் கொட்டினார். 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டிவிட்டது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும்.

மலையேறிய பின் மறுக்கும் நோயையும் கேட்டேன். சேலத்திலிருந்து வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிமுடித்தால், சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுமாம். "அதுக்கு மருந்து ஈரத்துணியும் ஒரு பீடி நேரமும். பீடியைத் தள்ளிப்போய்க் குடிக்கணும்" என்றார்.

மூன்றாவது சுற்றில் லாரி உறுமியது. அறுவடை முடியும்வரை விற்பனையை நண்பர் தள்ளிவைத்தார். அதற்குமேல் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்றைய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலக்க ஒரு சின்ன மின்னணு மூளை இருக்கிறது. கிழ லாரியில் அந்த வேலையில் பாதியை டிரைவர்தான் செய்கிறார். பையன் இப்போது முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். லாரிக்கு எடை போடும் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பது என்று நண்பரைக் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.