என் டிக்கெட்டில் அப்பா பேர்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆஃப் கேம்பஸ், நேர்ல வரச் சொல்ற கம்பெனி, ரெண்டே நாள் டைம் கொடுக்குற மெயில்... உங்கள்ல யாராவது ஒருத்தர் இந்த வருஷம் முதல் தடவையா விமானம் ஏறத்தான் போறீங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவ நான். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறதும் எனக்கு இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டர் மேல பழியைப் போட்டுருங்க.

போன செமஸ்டர்ல ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஹைதராபாத்தில் ஃபைனல் ரவுண்ட். வியாழன் காலையில எனக்கு மாடல் பிராக்டிகல். அது முடிச்சுக் கிளம்பினா பஸ்ல நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. டிரெயின்ல எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். மிச்சம் இருந்தது வியாழன் சாயங்காலம் மதுரையிலிருந்து ஒரு விமானம் மட்டும்தான். டிக்கெட் 6,200 ரூபாய்.

அப்பா குட்டியானை ஓட்டுறார். அருப்புக்கோட்டையில இருந்து மதுரைக்கு லோடு. பின் டயர் ரெண்டும் வழுவழுன்னு ஆயிடுச்சு, மாத்தணும்னு தனியா கொஞ்சம் பணம் எடுத்து வச்சிருந்தார். அந்தப் பணத்தைத்தான் எனக்கு அனுப்பினார். அனுப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உனக்கென்னம்மா, இங்கிலீஷ் தெரியும். சமாளிச்சிருவ."

நீங்களும் உங்க வீட்ல முதல் பட்டதாரின்னா இந்த வார்த்தையோட எடை உங்களுக்குத் தெரியும். பேங்க் ஃபாரம், கரண்ட் பில், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் எங்க வீட்ல நான்தான். ஏழாங்கிளாஸ்லயே செக் எழுதிக் கொடுத்திருக்கேன். "எனக்குத் தெரியாது"ன்னு அந்த வீட்ல நான் சொன்னதே இல்லை. விமானம் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறதையும் சொல்லலை. கதவைச் சாத்திக்கிட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒன்றரை மடங்கு வேகத்துல வீடியோ பார்த்தேன்.

முதல் சிக்கல் டிக்கெட் போடும்போதே வந்தது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். நம்மகிட்ட லாஸ்ட் நேம் எங்கங்க இருக்கு? ஒரு பேரு, முன்னாடி ஒரு இனிஷியல், அவ்வளவுதான். இனிஷியலைப் போட்டா, ஒரு எழுத்து பத்தாதுன்னு வெப்சைட் சிவப்புல காட்டுது. அப்பா பேரை முழுசா போட்டா, ஆதார்ல இனிஷியல் மட்டும்தான் இருக்கு. வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயம். அப்புறம் பான் கார்டு ஞாபகம் வந்தது. கல்விக் கடனுக்காக எடுத்தது. பான் கார்டுல இனிஷியலை அப்படியே போட விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும். அதனால அதுல என் பேரோட அப்பா பேரும் முழுசா இருந்தது. விமான நிலையத்தில் பான் கார்டையும் அடையாள அட்டையா ஏத்துக்கிறாங்க. டிக்கெட்ல அப்பா பேரை லாஸ்ட் நேமா போட்டேன், பான் கார்டைப் பர்ஸுல வச்சேன். நீங்களும் இதை முதல்ல பாருங்க. எந்த அட்டையைக் காட்டப் போறீங்களோ, அதுல இருக்கிற பேரும் டிக்கெட்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்.

அடுத்தது எடை. உள்ளே போடுற பை 15 கிலோ, கையில வச்சுக்கிற பை 7 கிலோன்னு டிக்கெட்ல இருந்தது. நான் பாத்ரூம் எடை மெஷின் யார்கிட்ட கேக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா வண்டிக்குப் போய், லோடு எடை போடுற கொக்கித் தராசை எடுத்துக்கிட்டு வந்தார். பெரிய பை 12 கிலோ. ஹைதராபாத்தில் நான் தங்கப் போற சீனியர் அக்காவுக்கு அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு, பருப்புப் பொடி, மாங்கா ஊறுகாய் எல்லாம் அதுலதான். கைப்பை எட்டரை. லேப்டாப், ஃபைல், ரெண்டு புஸ்தகம், சார்ஜர் பை. ஒன்றரை கிலோவை மாத்தணும். புஸ்தகத்தையும் சார்ஜர் பையையும் நானே எடுத்துப் பெரிய பையில திணிச்சேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அம்மா கடைசியா நாலு கொப்பரையைக் கொண்டு வந்தாங்க. "கூடாதும்மா"ன்னேன். வீடியோவுல பார்த்திருந்தேன். கொப்பரையில எண்ணெய் நிறைய, அது தானாவே சூடாகித் தீப்பிடிக்கலாம், அதனால விமானத்துல தடை பண்ணின சரக்குல அதுவும் ஒண்ணு. அம்மா நம்பலை. அப்பாதான், "ஆமா, ஈரத்தோட மூட்டை கட்டினா கையை வைக்க முடியாது, அப்படிச் சுடும்"னு சொன்னார். நான் ராத்திரி முழுக்கத் தேடிக் கண்டுபிடிச்சது அவருக்கு லோடு ஏத்தி ஏத்தியே தெரிஞ்சிருந்தது. அப்ப எனக்கு அது உறைக்கலை.

வியாழக்கிழமை பிராக்டிகல் முடிஞ்சு குட்டியானையிலயே கிளம்பினோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வலையங்குளம் பக்கம் வரும்போது, "இங்கதான் தினமும் தலைக்கு மேல தாழ்வாப் போகும், எந்தக் கம்பெனி விமானம்னு பெயின்ட்டை வச்சே சொல்லிருவேன்"னார். ரெண்டு மணி நேரம் முன்னாடி போனா போதும். நாங்க மூணே கால் மணி நேரம் முன்னாடி போய்ட்டோம். வண்டியை வெளிய ரோட்டோரமா நிறுத்திட்டு, பையை அவரே தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தார். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற சிஐஎஸ்எஃப் காரர் டிக்கெட்டையும் அட்டையையும் பார்த்தார். டிக்கெட் இல்லாதவங்க அதுக்கு மேல போக முடியாது.

"உள்ள போய் யார்கிட்டயாவது கேட்டுக்கோம்மா"ன்னார் அப்பா.

"எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா"ன்னேன். கொஞ்சம் எரிச்சலாவே சொன்னேன். கண்ணாடிக் கதவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தா, அங்கேயே நின்னுக்கிட்டிருந்தார்.

கவுன்டர்ல இருந்த பெண் கடகடன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. பைக்குள்ள பவர் பேங்க், லைட்டர், பேட்டரி ஏதாவது இருக்கா? ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சது. ஆனா வைவாவுல பதில் சொல்ற மாதிரி, யோசிக்காமலேயே "நோ"ன்னுட்டேன். முதல் தடவை வர்றவன்னு தெரிஞ்சிரக் கூடாது, அது ஒண்ணுதான் மனசுல. பை பெல்ட்ல போயிருச்சு. செக்யூரிட்டியில லேப்டாப்பைத் தனியா டிரேயில வச்சேன், பெண்களுக்குன்னு திரை போட்ட இடத்துல சோதனை பண்ணினாங்க, முடிஞ்சது. இவ்வளவுதானா? உள்ளே உக்காந்து, சீன் போட ஒரு காபியும் வாங்கினேன். அந்த விலையை அப்பாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

கால் மணி நேரத்துல ஒரு அறிவிப்பு. ஏதோ ஒரு பயணியை உடனே வரச் சொன்னாங்க. அந்தப் பேர் எங்கேயோ கேட்ட பேரா இருக்கேன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை சொன்னப்பதான் புரிஞ்சது, அது அப்பா பேர். மிஸ் போட்டு, எங்கப்பா பேரை மைக்ல கூப்பிடுறாங்க.

கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அட்டை பிரச்சனையா? திருப்பி அனுப்பப் போறாங்களா? ரெண்டு டயரோட காசு. எங்க போகணும்னு அந்த அறிவிப்புல சொன்னாங்க, எனக்கு அது காதுலயே விழலை. பதினாலு வருஷம் இங்கிலீஷ் மீடியம் படிச்சு என்ன, ஒரு வாக்கியம் மண்டையில நிக்கலை. பக்கத்து சீட்ல ஒரு அக்கா, மடியில தூங்குற குழந்தையோட. அவங்ககிட்ட திரும்பிச் சொன்னேன்: "அக்கா, என்னைத்தான் கூப்பிடுறாங்க. எங்க போகணும்னு தெரியலை. எனக்கு இது முதல் தடவை."

அவங்க சிரிக்கலை. "பைக்குள்ள பவர் பேங்க் வச்சியா?"ன்னு கேட்டாங்க.

சார்ஜர் பை! எழுந்து குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, கேட்ல நின்ன ஊழியர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. அவர் என்னைக் கீழே பைகளைச் சோதிக்கிற இடத்துக்கு அழைச்சுட்டுப் போனார். ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு. முறுக்கு, பருப்புப் பொடிக்கெல்லாம் அடியிலிருந்து பவர் பேங்கை எடுத்தேன். "இதைக் கையிலதான் வச்சுக்கணும்மா"ன்னார், அவ்வளவுதான். யாரும் திட்டலை. மறுபடி ஒரு செக்கிங், பத்து நிமிஷத்துல பழைய சீட்டுக்கே வந்துட்டேன்.

இதுல கேவலம் என்னன்னா, நான் ட்ரிபிள்ஈ. லித்தியம் அயான் செல் சூடாச்சுன்னா அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும், நிறுத்துறது கஷ்டம்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். சரக்கு அறையில அது தீப்பிடிச்சா பார்க்க ஆள் இல்லை. கேபின்ல பிடிச்சா உடனே அணைக்கலாம். அதுக்காகத்தான் கையில வச்சுக்கச் சொல்றாங்க. கணக்கும் நமக்குத் தெரிஞ்சதுதான்: 20,000 எம்ஏஹெச்னா, 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட் ஹவர். 100 வரைக்கும் கைப்பையில கொண்டு போகலாம். அதுக்கு மேல 160 வரைக்கும் விமான கம்பெனி அனுமதி வேணும். எல்லாம் தெரிஞ்சும், ஒரு நிமிஷம் யோசிச்சுப் பதில் சொல்லத் தெரியலை.

விமானம் சின்னது, ஏடிஆர் 72. ரெண்டு பக்கமும் புரொப்பல்லர். முன் கதவுல ஏறுவோம்னு நினைச்சா பின்னாடி கதவு. வால் பக்கம் அடியில ஒரு கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தாங்க. ஏன்னு தெரியலை. இந்தத் தடவை வெக்கப்படாம அந்த அக்காகிட்ட கேட்டேன். அவங்களுக்கும் தெரியலை. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஏறும்போது வாய்ல போட்டுக்கன்னு ஒரு மிட்டாய் கொடுத்தாங்க. கேபின் காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயர மலை மேல இருக்கிற அளவுக்குள்ள வச்சுக்குவாங்க, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். அழுத்தம் மாறும்போது காதையும் தொண்டையையும் சேர்க்கிற சின்னக் குழாய் திறந்து சரி பண்ணணும், எச்சில் விழுங்கினா அது திறக்கும். இறங்கும்போதுதான் காது அதிகமா வலிக்கும். அதனால மிட்டாயை மொத்தமும் ஏறும்போதே தின்னுறாதீங்க. நான் தின்னுட்டேன்.

ஷம்ஷாபாத்தில் இறங்கினதும் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். பவர் பேங்க் கதையை மறைக்கணும்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா எடுத்ததுமே அவர், "வழி கேட்டியா?"ன்னு கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். பயந்ததையும் சொன்னேன். "வாசல்ல சொன்னேன்ல"ன்னு அவர் சொல்லலை. "பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன், இன்னைக்கும் புது ஊருக்குப் போனா டீக்கடையில நிறுத்திக் கேட்டுட்டுத்தான் போவேன். கேக்காமப் போனா டீசல்தான் வேஸ்ட்"னார்.

பேச்சை மாத்த, வால்ல முட்டுக் கொடுத்திருந்த கம்பியைப் பத்திச் சொன்னேன்.

"லோடு எந்தப் பக்கம் வச்சிருப்பாங்க?"

"பெட்டியெல்லாம் முன்னாடியும் இருக்குப்பா. ஆளுங்க பின் கதவு வழியா ஏறுறோம்."

"அப்ப அதான். ஏறும்போது கூட்டமெல்லாம் வால்ல நிக்கும்ல. பின்பாரம் ஆகி மூக்கு தூக்கிரும். அதுக்குத்தான் முட்டு. நம்ம வண்டியிலயும் பின்னாடி மட்டும் ஏத்தினா முன் டயர் லேசாயிரும், ஸ்டியரிங் நிக்காது."

அப்புறமா நெட்ல பார்த்தேன். அவர் சொன்னதேதான். விமானத்துல ஒரு தடவைகூட ஏறாத மனுஷன்.

வேலை கிடைச்சுதான்னு கேப்பீங்க. கிடைக்கலை. டெக்னிக்கல்ல மூணாவது கேள்விக்கு "தெரியலை சார்"னு சொன்னேன். சுத்தி வளைக்காம சொன்னேன். அதுக்காக யாரும் வேலை கொடுக்கலை, அப்படியெல்லாம் நடக்காது. டயர் மாத்த இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசமும் மழை பெய்ஞ்ச ஒவ்வொரு ராத்திரியும், வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரலை.

அதனால உங்களுக்கு என் லிஸ்ட் சின்னதுதான். பேர் சரியா இருக்கான்னு பாருங்க. வீட்லயே எடை போடுங்க. பவர் பேங்க் கைப்பையில. உள்ளே போனதும் முதல்ல கண்ணுல படுறவங்ககிட்ட "எனக்கு இது முதல் தடவை"ன்னு சொல்லிருங்க. நான் அதைச் சொல்ல, மைக்ல அப்பா பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

போர்டிங் பாஸை அப்பா வாங்கி வச்சுக்கிட்டார். ஆர்சி, இன்ஷூரன்ஸ் பேப்பரோட குட்டியானையிலதான் இருக்கு. மதுரைக்கு லோடு போறப்ப கூட ஏறுற ஆளுங்ககிட்ட எடுத்துக் காட்டுறாராம். போர்டிங் பாஸ்ல லாஸ்ட் நேமைத்தான் முதல்ல அடிப்பாங்க. அவர் பேர் முன்னாடி, ஒரு கோடு, அப்புறம்தான் என் பேர்.