மார்கழியின் மேல் போட்ட பழி

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலுரையின் ஏழாவது பத்தியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் விழுந்த வெடிப்புகளுக்குக் காரணம் பனிக்காலக் குளிர், குளிர் அஸ்திவாரத்தைக் கெடுத்துவிட்டது, அது இயற்கையின் செயல், கட்டியவர் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாகக் குளிர் தேசத்துக் கட்டுரை ஒன்றின் அச்சுப் பிரதி. வீடு இருப்பதோ பொதட்டூர்பேட்டையில். வெயில் கணக்குச் சொல்லும்போதெல்லாம் ரேடியோவில் பெயர் அடிபடுகிற திருத்தணிக்குப் பக்கத்து ஊர்.

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. என் கட்சிக்காரரே கட்டட மேஸ்திரிக்குத் தன் கைப்பட எழுதிய கடிதத்தில், "ஒவ்வொரு மார்கழியும் பனி இறங்கினால் சுவர் வெடிக்கிறது" என்று எழுதி வைத்திருந்தார். அதையும் அவர்கள் சான்றாவணமாகப் போட்டிருந்தார்கள். வக்கீலிடம் வருவதற்கு முன் கட்சிக்காரர்கள் எழுதும் கடிதங்கள் இருக்கின்றனவே, எங்கள் தொழிலில் பாதி உழைப்பு அவற்றைச் சமாளிப்பதற்கே போகிறது.

அவர் நெசவாளி. தாத்தா கட்டிய பழைய வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த காலிமனையில் 2009-ல் புது வீடு கட்டினார். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து மேஸ்திரிக்குக் காண்ட்ராக்ட். ஆவணியில் கிரகப்பிரவேசம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பார்த்தபோது முன்னறை ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு வெடிப்பு. மேஸ்திரி வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். மறு வருஷமும் அதே இடம், அதே பூச்சு. அதற்கடுத்த பொங்கலுக்குக் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. 2012-ல் என்னிடம் வந்தார்கள்.

திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் போட்டேன். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் பக்கம் கவலையில்லை. கவலை காலவரம்பில் இருந்தது. அப்போது அமலில் இருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வர வேண்டும். முதல் வெடிப்பிலிருந்து எண்ணினால் எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

நேரில் பார்க்கப் போனேன். சுவரைத் தடவிக்கொண்டு நின்றபோது வெடிப்பின் நுனியில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. யார் போட்டது என்று கேட்டேன்.

"நாந்தான் சார் போட்டேன்," என்றார் அவர் மனைவி. "வளருதா இல்லியான்னு தெரியணும்ல? அந்த ஆளு பூசிட்டுப் போன தேதியும் கீழ இருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தேன். "மேஸ்திரி வந்தார், பூசினார்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டாவது தேதி 2011 ஜனவரி. பழுதை ஒப்புக்கொண்டு கடைசியாகக் கை வைத்த நாள் அது. காலவரம்புக் கவலை அங்கேயே தீர்ந்தது.

கோடுகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் விஷயமே பிடிபட்டது. இரண்டு கோடுகளுக்கு நடுவே அதிக இடைவெளி பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில். மார்கழியில் வெடிப்பு வளரவே இல்லை. அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: "சித்திரைல ஒரு ரூபா காசு உள்ள போவும். கார்த்திகைல போவாது." மழைக்காலத்தில் வாய் மூடி, கோடையில் திறக்கிற வெடிப்பு. மார்கழியில் அது பிறக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுவரை உற்றுப் பார்ப்பதால் அப்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

குளிர் தேசத்தில் நடப்பது வேறு. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். அதோடு, உறைந்த மண் கீழேயிருந்து ஈரத்தை இழுத்து இழுத்துப் பனித்தகடுகளாகச் சேர்த்துக்கொண்டு, மேலே இருக்கும் கட்டடத்தையே தூக்கிவிடும். அதனால்தான் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் டொரன்டோவில் உறைபனி எட்டாத ஆழத்துக்கு, ஏறத்தாழ நாலடிக்குக் கீழே, அஸ்திவாரம் போடுகிறார்கள். இங்கே ஊட்டியில்கூட உறைபனி புல்லை வெளுக்க வைத்துவிட்டு வெயில் ஏறினதும் போய்விடுகிறது.

பொதட்டூர்பேட்டை வீட்டின் சங்கதி மண்ணில் இருந்தது. மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன், தெலுங்கில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இந்தப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். குமாஸ்தா படித்துச் சொன்னார்: கிழக்கெல்லை 'செருவு கட்ட'. அதாவது ஏரிக்கரை. ஏரி தூர்ந்து மனையாகிவிட்டது, களிமண் மட்டும் மாறவில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெளி ஓரத்து மண்தான் ஐப்பசியில் ஊறிக் கோடையில் காயும். மூலை ஏறி இறங்கினால் சுவர் என்ன செய்யும்?

மன்றம் நியமித்த கமிஷனர் ஒரு பொறியாளரோடு வந்து சுவரோரம் குழி வெட்டினார். கடக்கால், அதாவது அஸ்திவாரம், இரண்டேகால் அடியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழேயும் கறுப்புக் களிமண்தான். ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் "கெட்டித் தரை வரும்வரை". அந்தக் கெட்டித் தரை எங்கே இருக்கிறது என்பதற்குப் பழைய வீடே சாட்சி. தாத்தா காலத்துக் குழித்தறியின் குழியை அவர்கள் தூர்க்காமல் வைத்திருந்தார்கள். பொறியாளர் அதை இன்னும் கொஞ்சம் தோண்டச் சொன்னார். நாலரை அடியில் மொரம்பு தட்டியது. தாத்தா வீட்டுக் கருங்கல் கடக்கால் அந்த மொரம்பில் உட்கார்ந்திருந்தது. "தறி அதிர்ச்சியால் வெடித்தது" என்று எதிர்த்தரப்பு பிற்பாடு கிளப்பிய வாதமும் இதிலேயே போயிற்று. தறி ஓடுகிற வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மண் பரிசோதனை எனக்குப் பிடித்த பகுதி. காய வைத்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்பியிருக்கிறது என்று அளந்தால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். இந்த மண் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பியிருந்தது. மனையை வாங்கும் முன் யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தோடு காரியம் முடிந்துவிடும். நான் அனுமதி வாங்கி எதிர்த்தரப்புப் பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். திருத்தணி வானிலைப் பதிவுகளைக் கையில் கொடுத்தேன். மூன்று வருஷத்து டிசம்பர், ஜனவரியில் ஒரு நாளாவது 10 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறதா?

"இல்லை."

"தண்ணீர் எத்தனை டிகிரியில் உறையும்?"

"பூஜ்யம்."

"உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி எப்போதாவது உறைந்திருக்கிறதா?"

மன்றத் தலைவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கட்சிக்காரரின் பழைய கடிதத்தைப் பற்றி நான் வாதத்தில் ஒரே வரிதான் சொன்னேன்: நோயாளி சொல்வது வலியை, காரணம் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

பென்சில் கோடுகளின் புகைப்படங்கள் சான்றாவணமாகப் பதிவாயின. கெட்டித் தரை வரும்வரை தோண்டாதது சேவைக் குறைபாடு என்று உத்தரவு வந்தது. முன்பக்க மூலைகளுக்கு அடியில் மொரம்பு வரை தோண்டிக் கடக்காலைக் கீழே இறக்கும் செலவு, சுவரைச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே ஒரு தொகை. மேஸ்திரி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மூன்று தவணையாகக் கட்டினார்.

கடைசித் தவணை வந்தபோது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. களி ஊறிக் கிடக்கும்போது குழி வெட்டக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டதால், மார்கழிப் பனியில்தான் வேலையை ஆரம்பித்தார்கள்.