சரஸ்வதி பூஜை அன்னிக்கு வந்த கேள்வி

சரஸ்வதி பூஜை அன்னிக்கு நடந்ததை உங்ககிட்ட சொல்லணும்.

பூஜைக்கு அரை மணி நேரம் முன்னாடி கரண்டு போச்சு. மெயின் சுவிட்சைத் தூக்கினா உடனே விழுது. ஆம்பளைங்க நாலு பேர் நின்னு ஆளுக்கொன்னு பேசிக்கிட்டிருந்தோம். காய் வெட்டிக்கிட்டிருந்த ஒரு பிள்ளை, படிவம் மூணுதான், வந்து, "அங்கிள், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொன்னா போடுங்க. எதைப் போட்டா விழுதோ அங்கதான் கோளாறு"ன்னுச்சு. பார்த்தா, சமையல்கட்டுல தண்ணி பட்ட கிரைண்டர். பிளக்கைக் கழற்றினோம், விளக்கு எரிஞ்சது.

பிரசாதம் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையோட அம்மா வந்தாங்க. "அண்ணே, இவ ஃபிசிக்ஸ் எடுத்து இன்ஜினியரிங் போகணுங்கிறா. பொம்பளைப் பிள்ளைக்கு சைட்ல, வெயில்ல என்ன வேலை? நீங்க சொன்னா கேட்பா."

எனக்குப் பேச்சு வரல. 12 வருசத்துக்கு முன்னாடி இதே வார்த்தையை என் மககிட்ட நான் சொன்னேன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் படிக்க இடம் கிடைச்ச கடிதத்தோட வந்து நின்னா. "வேணாம்மா, அக்கவுண்ட்ஸ் படி"ன்னேன். படிச்சா. நல்ல வேலையிலதான் இருக்கா. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்ல. ஆனா வீட்டுல ஃபேன் ரிப்பேர்னா இன்னிக்கும் அவதான் ஸ்குரூ டிரைவரை எடுப்பா. பார்க்கிறப்பெல்லாம் மனசு உறுத்தும்.

அந்த அம்மாகிட்ட லலிதா கதையைச் சொன்னேன். 1919-ல் சென்னையில் பிறந்தவர். 18 வயசிலேயே கணவரை இழந்தார், கையில பெண் குழந்தை. அப்பா கிண்டி இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர். மகளை வீட்டுல முடக்காம, அதே கல்லூரியில பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். பட்டச் சான்றிதழ்ல ஆண்பால்ல அச்சடிச்சிருந்த சொல்லை அடிச்சு, பெண்பாலா மாத்தி எழுதினாங்க. இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர்களில் ஒருவரான அவர், பிறகு பக்ரா நங்கல் அணை மின்திட்டத்திலும் வேலை செஞ்சார்.

அந்த அப்பா கதவைத் திறந்தார். நான் சாத்தினேன்.

"யோசிக்கிறேண்ணே"ன்னு சொல்லிட்டு அந்த அம்மா போனாங்க.

நாமும் யோசிப்போம். புத்தகத்தையும் ஸ்பேனரையும் ஒரே நாள்ல தாய் முன்னாடி வச்சுக் கும்பிடுறோம். மறுநாள் மக ஸ்பேனரைத் தொட்டா வேணாங்கிறோம். இது சரியா?

படிவம் நாலுக்குப் போற பெண் பிள்ளைகளோட பெற்றோரே, அவசரப்பட்டு வேணாம்னு சொல்லிடாதீங்க. இன்ஜினியரா இருக்கிற நம்ம பக்தைகள், வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அரை மணி நேரம் மண்டபத்துல உட்காருங்க. பிள்ளைங்க கேட்கட்டும்.

இதைப் போடுறதுக்கு முன்னாடி என் மககிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போடுங்கப்பா"ன்னா.

ஓம் சக்தி.