சாலை முடிகிற இடத்தில் மதுரை

கொல்லத்தில் கடலோரம் புறப்படும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து திருமங்கலத்தில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 206 கிலோமீட்டர். முன்பு இதற்கு 208 என்று எண். எண் மாறினாலும் சாலையின் வேலை மாறவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து மரமும் ரப்பரும் தேங்காயும் இந்தப் பக்கம் வருகின்றன. இங்கிருந்து காய்கறியும் அரிசியும் வைக்கோலும் அங்கே போகின்றன.

எங்கள் சிவகிரி இந்தச் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த ஊர், இன்று தென்காசி மாவட்டத்தில் தனி வட்டத்தின் தலைமையிடம். தண்டவாளம் எங்களைத் தொடவில்லை. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை, ராஜபாளையத்தைத் தாண்டியதும் சங்கரன்கோவில் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் பெரிய ஆஸ்பத்திரி, உயர் நீதிமன்றக் கிளை, சென்னைக்கு ரயில் என்று எது வேண்டுமானாலும் பேருந்து ஏறி மதுரைக்குப் போவதே எங்கள் வழக்கம். போன வேலை முடிந்ததும் திரும்பிவிடுவோம். இத்தனை தடவை போய்வரும் ஊரை நாங்கள் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை.

சாலையை மேற்கிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம். புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலம். அதைத் தாண்டித் தென்மலை அருகே, 1904-இல் வந்த செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம் சாலைக்குத் தலைக்கு மேலே நிற்கும். கோட்டைவாசலில் எல்லை கடந்து புளியரை வளைவுகளில் இறங்கினால் காற்றே வேறு. செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் தாண்டினால் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி. அடுத்து வாசுதேவநல்லூர். பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் அதற்குப் பக்கத்தில்தான். அதற்கடுத்து சிவகிரி. வடக்கே சேத்தூர், பஞ்சாலைகளின் ராஜபாளையம், ஆண்டாள் கோபுரம் 192 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம். அங்கிருந்து மதுரை இருபது கிலோமீட்டர்தான்.

காலையில் மதுரையிலிருந்து புறப்படும் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க நடுச்சாமம் கழிந்ததும் சிவகிரியில் பஸ் ஏற வேண்டும். அப்படி ஒருநாள் போனபோது, கல்லுப்பட்டியில் பின் டயர் பஞ்சர். ஜாக்கி சரியாக ஏறவில்லை. ரயில் போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். புளியங்குடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இனி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்தானே? அதுவரைக்கும் ஸ்டேஷன்ல போயி ஒக்காந்து என்ன செய்யப் போறீய? ஊரச் சுத்திப் பாருங்க.” அந்தச் சொல்லுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பஞ்சரான ஊரே பார்க்க வேண்டிய ஊர்தான். கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதாரத்தை வகுத்துத் தந்த ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். தஞ்சாவூரில் பிறந்து, வெளிநாட்டில் கணக்கியலும் பொருளாதாரமும் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிராமக் கைத்தொழில்களுக்காகவே வாழ்ந்தார். மறைந்த நாள் 1960 ஜனவரி 30. காந்தி சுடப்பட்ட அதே தேதி. இந்தச் சாலையில் போகும் எத்தனை பேருந்துகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மதுரையில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பூட்டிய பெட்டியை ரயில் நிலைய கிளாக் ரூமில் ஒப்படைப்பது. டிக்கெட்டைக் காட்டினால் ரசீது தருவார்கள். கை வீசி நடக்க முடிந்தால்தான் ஊர் கண்ணில் படும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேல வெளி வீதி. வெளி வீதிகள் என்பவை பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து ஊரை விரித்தார்கள். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் இன்றும் மதுரைத் தெருக்களில் வழங்குகின்றன. இடிபடாமல் தப்பிய கொத்தளம் ஒன்று பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே, பெரிய கருங்கல் சுவராக நிற்கும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவகிரிக்காரர்கள் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் ஆளுக்கொன்றாகப் பாளையக்காரர்களின் காவலில் விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தப் பாளையங்களில் சிவகிரியும் ஒன்று. மதுரையைக் காக்கும் பொறுப்பில் நம் ஊருக்கும் பங்கு இருந்தது.

அந்த அரியநாதரையே நேரில் பார்க்கலாம். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டப வாசலில், குதிரை மேல் அமர்ந்த சிலையாக அவர் இருக்கிறார். மண்டபம் அவர் கட்டியதுதான். ஆயிரங்கால் என்று பெயர், எண்ணினால் தூண்கள் 985. கைபேசியையும் செருப்பையும் வெளியே ஒப்படைத்துவிட்டு, பகல் நடை சாத்துவதற்கு முன்பே போய்விட வேண்டும். கைபேசி இல்லாததும் நல்லதுதான். தூணில் இருக்கும் குறவனையும் குறத்தியையும் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். விரல் நகமும் கழுத்து மணியும் அப்போதுதான் தெரியும்.

இதே கோயில் வாசலில் இன்னொரு வரலாறும் நடந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்களையும் விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவரை அவர்களுக்குக் கதவு அடைத்தே இருந்தது. எல்லோரையும் விடாத கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்று இருந்த காந்தி, 1946-இல்தான் மீனாட்சியைத் தரிசித்தார்.

மேல மாசி வீதியில் 251-ஏ எண் வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு நான்கு முழ வேட்டிக்கு மாறியது இங்கேதான். கீழே இப்போது கதர்க் கடை. நாடு முழுக்க நாம் பார்க்கும் காந்தியின் உருவம் இந்த மாடியில்தான் பிறந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். இன்று இருப்பது முழு அரண்மனையின் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். சென்னை ஆளுநர் நேப்பியர் முயற்சியால் மீதி பிழைத்தது. பின்னர் பல்லாண்டுகள் நீதிமன்றமாகவும் இருந்தது. ஓர் ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத அந்தத் தூண்களின் வழுவழுப்பு சுண்ணாம்புச் சாந்தால் வந்தது. அதன்மேல் ஆணியால் கீறி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சாயங்காலத்துக்குள் வைகையைக் கடந்து தமுக்கத்துக்குப் போய்விட வேண்டும். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த ரத்தக் கறை படிந்த துணி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கறை பழுப்பாக மாறிவிட்டது. பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் அதன் முன் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மேல மாசி வீதியில் சட்டையைத் துறந்தவர் கடைசியாக உடுத்திய துணி இதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே பகலில், ஒரே ஊரில் இந்த இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு மதுரைக்கு வருகிறவர்களுக்குத்தான் உண்டு.

பாண்டியனில் ஏறும்போது எனக்குத் தோன்றியது ஒன்றே. மருந்துச் சீட்டும் வழக்குக் கட்டுமாகவே மதுரையை அறிந்த நமக்கு, அந்த ஊர் நம்முடையது என்று சொல்ல யாரும் இல்லை. நம் பாளையத்தின் கதையும், நம் சாலையில் வாழ்ந்த குமரப்பாவின் கதையும் அங்கேதான் முழுமை பெறுகின்றன. பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு எங்கெங்கோ கூட்டிப் போகின்றன. இந்தப் பக்கத்துப் பள்ளிகள் கல்லுப்பட்டியில் ஒருமுறை நிறுத்தி, பெரியார் நிலையத்துக் கொத்தளத்திலிருந்து தமுக்கம் வரை ஒருநாள் நடத்திக் காட்டட்டும்.

வண்டி தவறினால் காத்திருப்போர் அறையில் உட்காராதீர்கள், வெளியே வாருங்கள். வண்டி தவறாவிட்டாலும், அடுத்த முறை மதுரையில் வேலை இருக்கும்போது ஒருநாள் முன்னதாகவே கிளம்புங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.