பாதியில் நின்ற செய்தி

லியோனார்ட் பர்ச்சாலைப் பத்திப் படிச்சிருப்பீங்க. கனடாக்காரர். 1942 ஏப்ரல் 4-ம் தேதி இலங்கையோட கொக்கலவிலேர்ந்து கேட்டலினா விமானத்துல கிளம்பினவர். தண்ணியிலயே இறங்கும், குண்டும் போடும், ஆனா ஆமை வேகம். எங்க தூத்துக்குடியிலேர்ந்து பார்த்தா கொழும்பே 280 கிலோமீட்டர் சொச்சம்தான், கொக்கல அதுக்கும் தெற்கே.

நடுக்கடல்ல ஜப்பான் கப்பற்படையைப் பார்த்துட்டார். ரேடியோல செய்தி போய்க்கிட்டு இருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்திடுச்சு. 9 பேர்ல 6 பேரை ஜப்பான்காரங்க கடல்லேர்ந்து தூக்கிப் போர்க்கைதி ஆக்கினாங்க. பர்ச்சால் பிழைச்சு, 'சிலோனைக் காப்பாற்றியவர்'னு பட்டம் வாங்கி, 2004 வரைக்கும் வாழ்ந்தார். சந்தோஷம்தான்.

ஆனா அஞ்சு நாள் கழிச்சு, ஏப்ரல் 9 காலையில, அதே 413-வது ஸ்க்வாட்ரன் கேட்டலினா ஒண்ணு அதே கப்பற்படையைக் கண்டுபிடிச்சுது. விமானி பேர் தாமஸ். செய்தி பாதியிலேயே நின்னு போச்சு. அவரும் வரலை, கூடப் போன யாருமே வரலை. அன்னிக்குத்தான் திருகோணமலையில குண்டு விழுந்தது, மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் கப்பல் மூழ்கினது. ஜப்பானோட அகாகி கப்பலைத் தாக்கப் போன 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்துல 5 திரும்பலை. ஒரு குண்டும் கப்பல் மேல படலை.

ரெண்டு பேரும் பண்ணது ஒரே வேலை. ஒருத்தருக்குப் பட்டம், இன்னொருத்தர் பேரே யாருக்கும் தெரியாது. இதுல எனக்கு உடன்பாடே இல்லை. ஆபீஸ்ல செய்தி பாதியில நின்னா ரீட்ரை போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவோம். அங்க ரீட்ரை ஏது?

எங்க ஊர் முத்துக்குளிப்பை நினைச்சுப் பார்க்கிறேன் (கடைசியா நடந்தது 1961-ல). கல்லைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் கீழே போவார், படகுல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சிருப்பார். கீழேர்ந்து இழுத்தா மேலே தூக்கணும். நம்பிக்கையான ஆள் கையிலதான் கயித்தைக் கொடுப்பாங்க. தாமஸுக்கு அந்தக் கயிறு ரேடியோ. இந்தப் பக்கம் காதுல ஹெட்போனோட உட்கார்ந்திருந்த ஆளுக்கு, இழுப்பு திடீர்னு நின்னப்போ என்ன பண்ண முடிஞ்சிருக்கும்? எந்தக் கடல்ல போய்த் தூக்குறது?

இப்படிக் கல்லறையே இல்லாம போன 24,000-க்கும் அதிகமானவங்க பேர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்துல இருக்கு. நம்ம பக்கத்துக் கடல்ல காணாமப்போன விமானிகளும் அதுல சேர்த்தி. சிங்கப்பூர் மக்களே, அந்தப் பக்கம் போனா விமானப்படைப் பேர்கள் இருக்கிற தூண்கள்கிட்ட ரெண்டு நிமிஷம் நில்லுங்க. எனக்காக.