பழுப்புப் பலகையின் விலை

பிரிட்டன் சாலையோரங்களில் பழுப்பு நிறப் பலகை தெரிந்தால், பக்கத்தில் கோட்டையோ அருங்காட்சியகமோ இருக்கிறது என்று அர்த்தம். 1980களில் வந்த வழக்கம். அரசு உபயம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளூர்ச் சாலைகளில் அனுமதி தருவது கவுன்சில். பலகை செய்து நடும் செலவு பொதுவாக விண்ணப்பித்தவர் தலையில். கார் நிறுத்த இடமுண்டா, கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் வேறு.

ஒரே திருப்பத்தில் பத்துப் பலகை நின்றால் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பாரா என்கிறது கவுன்சில். நியாயம்தான். ஆனால் கேளிக்கைப் பூங்காவுக்குச் சில்லறையான இந்தச் செலவுக்கு, தன்னார்வலர்கள் வாரத்தில் இரண்டு நாள் திறந்துவைக்கும் கிராமத்து அருங்காட்சியகம் உண்டியல் குலுக்க வேண்டும். கைபேசி போதாதா? பெயர் தெரிந்து தேடுகிறவருக்குப் போதும். தெரியாமல் கடந்துபோகிறவரை நிறுத்தலாமென்று வேலியில் கையெழுத்து அட்டை கட்டினால், அனுமதியில்லை என்று அதையும் கழற்றிவிடலாம்.