எத்தனை பேர்?

எங்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போடுவாள். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தர் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். அரிசியை விற்ற பணம் மிஷனெரி காணிக்கையில் சேரும். தேரிக்காட்டு ஊர், பீடி சுற்றிப் பிழைக்கிற வீடு. அந்த ஒரு பிடி எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

திருநெல்வேலிச் சபைகளுக்கு இந்த மாதிரிக் கொடுத்துப் பழக்கம் உண்டு. வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தை இங்கேதான் தொடங்கினார்கள். நம்மூர்ப் பணம், நம்மூர் ஆள் என்று முடிவு செய்து, தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் சம்பளம் வந்தது. 2013 முதல் ஆறு வருஷம் ஜார்க்கண்டின் சந்தால் பர்கனாவில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். முப்பது படுக்கை. எங்கள் சேகரமும் இன்னும் நாலைந்து சபைகளும் பங்கு போட்டு நர்சுகளின் சம்பளத்தைக் கட்டின. டாக்டர், சபை ஸ்பான்சர் செய்து வேலூரில் படித்தவர். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். அது முடிந்த பிறகும் அவர் போகவில்லை.

மலைமேல் பஹாடியா ஜனங்கள், கீழே சந்தால்கள். மலேரியா, ரத்தசோகை, சிக்கலான பிரசவங்கள். இவற்றோடு காலா அசார். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருக்கிற மணல் ஈ கடித்து வருவது. வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளும். வைத்தியம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் சாவுதான். முன்பு 28 நாள் மாத்திரை சாப்பிட வேண்டும், பாதியில் விட்டுவிடுவார்கள். 2014-க்குப் பிறகு அரசுத் திட்டத்தில் ஆம்பிசோம் வந்தது. ஒரே டிரிப், ஒரே நாள். ஆனால் அந்த ஒரு நாளுக்கு ஆளை மலையிலிருந்து இறக்க வேண்டுமே! ஓஜாவிடம் போய், கோழி அறுத்து, எதுவும் கேட்காமல் போன பிறகுதான் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வருவார்கள். ஸ்ட்ரிப் டெஸ்ட் பார்ப்பது, ஜீப்பில் ஏற்றி அரசு சதர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, ஆறு மாதம் கழித்து மலையேறிப் போய் மறுபடி காய்ச்சல் வந்ததா என்று விசாரிப்பது, இவ்வளவும் எங்கள் வேலை.

ஒருமுறை லீவில் வந்தபோது சேகர கமிட்டி கூடியது. அடுத்த வருஷமும் எங்கள் பங்கைக் கொடுப்பதா என்று பேச. கட்டில், ஜீப், டிரிப் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்தார்.

"எல்லாஞ் சரிதாம்மா. எத்தன பேரு ஆண்டவர ஏத்துக்கிட்டாங்க?"

"அத நாங்க கேக்கறதில்ல, ஐயா."

"அப்ப கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் நல்ல மனுஷர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நூறு மடங்கு விலைக்கு எடுப்பவர். கொடுக்கிறவர் கணக்குக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கைக் கட்டில் பக்கத்தில் நின்று எடுக்க முடியாது. ஆசை காட்டி மதம் மாற்றுவது குற்றம் என்று 2017-இல் ஜார்க்கண்டில் சட்டம் வந்தது. சட்டமே இல்லாவிட்டாலும்தான் என்ன? ஊசி போடுகிற கையோடு கேட்டால், காய்ச்சலில் கிடப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார். அது பயத்தில் சொல்லுகிற ஆமாம். அடுத்த முறை அந்த வீட்டுக் கர்ப்பிணி மலையை விட்டு இறங்க மாட்டாள். எங்கள் வார்டில் காலை ஜெபம் உண்டு. உட்காரலாம், எழுந்து வெளியே போகலாம். போகிறவருக்கும் அதே மருந்துதான். நான் நம்புகிற ஆண்டவரும் குணமாக்குமுன் யாரிடமும் பேர் எழுதி வாங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்: "ஏட்டி, நா போட்ட அரிசிய யாரு தின்னான்னு என்னைக்காவது கேட்டேனா?"

அந்த வருஷம் சேகரத்தின் பங்கு பாதியானது. மீதியைப் பெண்கள் சங்கம் போட்டது.

நான் ஊர் திரும்பிய மறுவருஷம், 2020-இல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆனது. பெரிய அமைப்பின் வழியாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த தொகை அதோடு நின்றது. பிடியரிசிப் பணம் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. எக்ஸ்ரே மெஷின் ரிப்பேருக்குக்கூடப் போதாது. சம்பளத்துக்கு ஆகும்.

இப்போது சேகர கமிட்டியில் நானும் இருக்கிறேன். போன மாதம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் லீவில் வந்திருந்தாள். ஜீப் ஓடுகிறதா என்று கேட்டேன். ராத்திரி டூட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். ரெண்டு பேர்க்கா என்றாள். அந்த ரெண்டாவது ஆளின் சம்பளம்தான் இந்த வருஷம் எங்கள் பங்கு.